தோல் முட்டை

வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியட் என்று நினைத்தாலே தனப்பிரியாவுக்கு மதியச் சோற்றோடு எரிச்சலும் சேர்ந்து இறங்கும். அந்தப் பீரியடில்தான் சிந்தனை ஏடு எழுத வேண்டும்.

பள்ளித் தாளாளர் எங்கேயோ ஒரு கருத்தரங்கில் போய் உட்கார்ந்துவிட்டு வந்ததன் விளைவு அது. பிள்ளைகள் சொந்தமாக யோசிக்க வேண்டுமாம். அதுவும் தாய்மொழியில் யோசிக்க வேண்டுமாம். மற்ற எல்லாவற்றையும் இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டிருந்த பிள்ளைகளுக்கு, தமிழில் யோசிப்பதற்கென்று ஆளுக்கொரு பச்சை அட்டை நோட்டு வந்தது. இடது பக்கத்தின் தலையில் 'இந்த வாரம் என் மனதில் எழுந்த அறிவியல் கேள்வி' என்று அச்சடித்திருந்தார்கள். வலது பக்கத்தில் 'என் இலக்கு'. வாரத்துக்கு ஒரு கேள்வி, ஓர் இலக்கு. அதைப் பார்த்த அன்று தனப்பிரியாவுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவளிடம் கேள்விக்குப் பஞ்சமே கிடையாது. கேட்டால் 'உனக்கு வேற சோலியில்லையா' என்பார்கள், அவ்வளவுதான். இப்போது பள்ளிக்கூடமே நோட்டுப் போட்டுக் கொடுத்துக் கேள் என்கிறதே!

ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பத்தாம் வகுப்புப் பாடத்தை இரண்டாம் சுற்று ஓட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் அது. அங்கே ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் இஷ்டத்துக்கு விட்டுவிடுவார்களா? முதல் வாரம் நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேர் வெற்றுத்தாளைக் கொடுத்தார்கள். 'கேள்வி எதுவும் எழவில்லை' என்று ஒருவன் நேர்மையாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். அறிவியல் ஆசிரியர் குருமூர்த்தி சார் ஆடிப்போய்விட்டார். பார்வையிட ஆள் வருவார்கள் என்று தாளாளர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். அதனால் மறுவாரம் முதல், பிள்ளைகள் மனதில் எழ வேண்டிய கேள்வியை அவரே கரும்பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தார்.

'வானம் ஏன் நீல நிறமாக உள்ளது?'

கீழே நான்கு வரியில் அதற்கு விடை. வலது பக்கத்துக்கு, 'எனது இலக்கு மருத்துவராகி என் கிராம மக்களுக்குச் சேவை செய்வது. அதற்காகப் பொதுத்தேர்வில் 490 மதிப்பெண்ணுக்கு மேல் பெறுவேன்.'

"கேள்வி நீல மை. இலக்கு கருப்பு மை. மார்ஜின் பென்சில்ல போடோணும். அடிச்சு எழுதுனா அடுத்த பக்கத்துல மறுபடியும் எழுதோணும், ஆமா!" என்றார் சார்.

நாற்பத்திரண்டு மனங்களில் ஒரே நேரத்தில், ஒரே நீல மையில், ஒரே கேள்வி எழுந்தது. அடுத்தடுத்த வாரங்களிலும் பலகையில் அதே வானம்தான் இருந்தது. டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் சேவை செய்வதற்கு ஒரு கிராமம் கிடைத்தது.

இதோடு விட்டார்களா? இலக்குச் சுவர் என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொருவரையும் டாக்டர் மாதிரிப் படம் பிடித்து, கீழே 490 என்று போட்டு ஒட்டுவதற்கு. ஸ்டூடியோக்காரர் கொண்டுவந்தது ஒரே ஒரு வெள்ளைக் கோட்டு. நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று அந்த ஒன்றையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். தனப்பிரியாவின் முறை வரும்போது மார்ச் மாத வெயிலில் முப்பது பேருடைய வியர்வை அதில் ஊறியிருந்தது. தொளதொளவென்று இருந்ததால் பின்னால் ஊக்குக் குத்திப் பிடித்துக்கொண்டார்கள். "சிரிம்மா டாக்டரம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர். அவள் சிரிக்கவில்லை. படத்தில் யாரையோ ஊசி போட்டுக் கொல்லப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

அவள் மனதில் கேள்வி எழவில்லையென்றால் இத்தனை கோபம் வந்திருக்காது. எழுந்திருந்தது. மூன்று வாரமாக எழுந்து உட்காராமல் நின்றுகொண்டிருந்தது.

அவள் அப்பா சின்னுசாமிக்குப் பன்னிரண்டாயிரம் கோழிகள். ஊருக்கு வெளியே விவசாயக் காட்டிலேயே வீடு, வீட்டை ஒட்டி ஷெட். மார்ச் பிறந்து வெயில் ஏறியதும் தோல் முட்டை விழ ஆரம்பித்தது. ஓடு இல்லாமல், வெறும் சவ்வு மட்டும் போர்த்தி, தொட்டால் கொழகொழவென்று அமுங்கும் முட்டை. ஓடு இருக்கும் முட்டையும் மெலிசாக இருந்தது. அட்டையில் அடுக்கும்போதே கீறல் விட்டது.

"அப்பா, இது ஏனுங்கப்பா இப்பிடி வருது?"

"வெயிலு" என்றார் அப்பா.

"வெயிலுன்னா எப்பிடிங்க? வெயிலு கோழி மேலதான அடிக்குது. முட்ட உள்ளார இருக்குது. ஓட்ட வந்து எது தின்னுச்சு?"

"வெயில் காலம்னா தோல் முட்ட வரத்தான் சாமி வரும். இதென்ன புதுசா?"

வருஷா வருஷம் வருகிறது என்பது எப்படிப் பதிலாகும்? அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. தீவனம் கொண்டுவரும் சிவக்குமாரிடம் கேட்டாள். அவரைக் கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பார். "கால்சியம் பத்தல பாப்பா. கிளிஞ்சல் சேத்துப் போடச் சொல்லு." அப்பா கிளிஞ்சல் தூளைச் சேர்த்துப் போட்டார். ஒரு வாரம் பார்த்தார்கள். தோல் முட்டை வந்துகொண்டுதான் இருந்தது. "இன்னும் கொஞ்சம் சேக்கோணும்" என்றார் சிவக்குமார். இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். அதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் சிவக்குமார் முகத்தில் ஒரு சந்தேகக்கோடு விழ வேண்டுமே? மூன்றாம் முறையும் அதே பதிலை அதே தெளிவோடு சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வராது போலிருக்கிறது என்று தனப்பிரியா நினைத்தாள்.

அதனால் அவளே எண்ண ஆரம்பித்தாள். கூண்டுகள் படிக்கட்டு மாதிரி மூன்று தட்டாக இருக்கும். காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன், ஷெட்டின் கோடியில் மேல்தட்டில் முப்பது கூண்டு, கீழ்தட்டில் முப்பது கூண்டு என்று பார்ப்பாள். ஒவ்வொன்றிலும் நான்கு கோழி. மேலே ஒன்பது தோல் முட்டை, கீழே மூன்று. மறுநாள் மேலே எட்டு, கீழே இரண்டு. அதற்கு மறுநாள் மேலே பதினொன்று, கீழே நான்கு. தினமும் இதே கதைதான். தீவனம் ஒன்று, தண்ணீர் ஒன்று, கோழிகளும் ஒரே நாளில் பொரித்து வந்தவை. அப்புறம் தீவனத்தில் குறை என்று எப்படிச் சொல்வது? கீழ்தட்டுக் கோழிக்கும் மேல்தட்டுக் கோழிக்கும் இருக்கிற வித்தியாசமெல்லாம் தகரக் கூரைதான். மேலே இருப்பவற்றின் தலைக்குப் பக்கத்தில் கூரை கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் போய்ப் பார்த்தாள். மேல்தட்டுக் கோழிகள் வாயைப் பிளந்து, தொண்டை துடிக்கத் துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. கீழே இருந்தவை அவ்வளவு மோசமில்லை.

அன்று முழுக்க அந்தத் திறந்த வாய்கள் அவள் கண்ணிலேயே நின்றன. திங்கட்கிழமை வேதியியல் வகுப்பில் சுண்ணாம்பு நீர்ப் பரிசோதனை வந்தது. பரிசோதனை என்றால் செய்வது அல்ல, எழுதுவது. சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து மூச்சை ஊதினால் பால் மாதிரி வெள்ளையாகும், மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் உண்டாவதால். 'கண்டறிந்தேன்' என்று நாற்பத்திரண்டு பேரும் எழுதினார்கள். ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீர்ப் புட்டியின் மூடியைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் தனப்பிரியாவின் பேனா பாதி வரியில் நின்றுவிட்டது. முட்டை ஓடும் அதே கால்சியம் கார்பனேட்தானே?

அந்த வெள்ளிக்கிழமை அவள் பலகையைப் பார்க்காமல் எழுதினாள். நீல மைதான், பென்சில் மார்ஜின்தான். அதில் குறை சொல்ல முடியாது.

'எங்கள் பண்ணையில் எல்லாக் கோழிக்கும் ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ஆனால் மேல்தட்டுக் கோழிகள் கீழ்தட்டுக் கோழிகளைப் போல மூன்று மடங்கு தோல் முட்டை போடுகின்றன. அவை வாயைத் திறந்து அதிகமாக மூச்சு விடுகின்றன. மூச்சில் கார்பன் டை ஆக்சைடு போகிறது. ஓடு செய்வதற்கு வேண்டிய கார்பனேட்டுக்கும் அது வேண்டும் அல்லவா? கோழி அதிகமாக மூச்சு வாங்கினால், ஓட்டுக்கு வேண்டியது மூச்சோடு வெளியே போய்விடுமா?'

வலது பக்கத்தில் கருப்பு மையில், 'இந்தக் கோடை முடிவதற்குள் இதற்குப் பதில் தெரிந்துகொள்வது.'

திங்கட்கிழமை நோட்டு திரும்பி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. கீழே, 'பாடத்தில் இல்லை. இது இலக்கு அல்ல. பலகையைப் பார்த்து ஐந்து முறை எழுதுக.'

அவள் ஆசிரியர் அறைக்கே போய்விட்டாள். குருமூர்த்தி சார் நோட்டுக் கட்டுகளுக்கு நடுவில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், இது என் மனசுல எழுந்த கேள்விதானுங்க சார்."

"எழட்டும். யாரு வேண்டாங்கறா? பரீட்சைல இது வருமா?"

"வராதுங்க."

"அப்பறம்? நாலு செக்சன் வச்சிருக்கறேன். நூத்தி எழுபது நோட்டு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு எழுதிட்டு வந்தா நான் எப்பத் திருத்தி எப்பப் போர்சன் முடிக்கறது? இலக்குன்னா பெருசா இருக்கோணும். கோழி முட்ட ஒரு இலக்கா?"

"அப்ப பதில் மட்டுமாவது சொல்லுங்க சார். போயிருமாங்க, போகாதாங்க?"

சார் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். "உங்கப்பாவ நாளைக்கு வரச் சொல்லு" என்றார்.

சின்னுசாமி மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அவர் பள்ளிக்கூடத்துக்கு வருவது ஃபீஸ் கட்டுகிற நாளில் மட்டும்தான். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"நல்லாப் படிக்கற புள்ளைங்க. நானூத்தித் தொண்ணூறு எடுக்க வேண்டியவ. ஆனா நோட்டத் தொறந்தா கோழி, முட்டை, கூண்டுன்னு இருக்குது" என்றார் சார்.

"அவளுக்கு அதையெல்லாம் யாருங்க சார் சொல்லிக்குடுத்தா? நான் ஒண்ணும் ஷெட்டுக்கு வேலைக்குக் கூப்பிடறதில்லீங்க. அவளாப் போறா" என்று அப்பா தவித்துப்போய்ச் சொன்னார். அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பாவின் காது மடல் சிவந்துவிட்டதைத் தனப்பிரியா பார்த்தாள். ஏதோ திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி அவர் நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோழி வளர்ப்பதில் அப்படி என்ன வெட்கம்? சத்துணவுக்குப் போகிற முட்டை எங்கிருந்து போகிறதாம்?

வீட்டுக்கு வந்ததும் அப்பா வெடித்தார்.

"உன்ன எதுக்குப் புள்ள அங்க கொண்டுபோயிச் சேத்துனேன்? இந்தக் கோழிப்பீ நாத்தம் உம்மேல படாம இருக்கட்டும்னுதான! நீ அதையே நோட்டுல எழுதிக்கிட்டுப் போயி எல்லாருக்கும் காட்டிட்டு வார!"

"எனக்கு அதுலதானுங்கப்பா கேள்வி வருது. வானத்துல வர மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"இனிமே ஷெட்டுப் பக்கம் காலெடுத்து வெய்யி, அப்பறம் பாரு."

"எண்ணறதுக்கு மட்டும்…"

"ஒண்ணும் எண்ண வேண்டாம்! நான் எண்ணிக்கறேன் என்ர முட்டைய."

அவர் எண்ணுவது மொத்த முட்டை அட்டைக் கணக்குத்தான், தட்டுவாரிக் கணக்கு இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அம்மா பின்னாலிருந்து தோளைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று தனப்பிரியா வானம் ஏன் நீலம் என்று ஐந்து முறை எழுதினாள். ஐந்தாம் முறை எழுதும்போது வானத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. சிவப்புக் குறி போட்ட பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கிழிக்கவில்லை. அவள் எண்ணி வைத்த எண்களெல்லாம் இனி வளரப் போவதில்லை. கோடை முடிய இரண்டு மாதம்தான். அதற்குப் பிறகு தோல் முட்டை தானாகவே நின்றுவிடும், கேள்வியை எல்லோரும் மறந்துவிடுவார்கள், அடுத்த மார்ச்சில் அவள் பொதுத்தேர்வில் கிடப்பாள். இதை நினைக்கும்போது அவளுக்கு அழுகையே வந்தது. ஒரு பதிலுக்காக அழுவாளா ஒருத்தி? அழுதாள்.

பார்வையிட ஆள் வந்தது அதற்கு அடுத்த புதன்கிழமை. சேலத்திலிருந்து அக்சிலியா மேடம். இந்தச் சிந்தனை ஏட்டை உண்டாக்கிய குழுவைச் சேர்ந்தவர். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை. நாற்காலி போட்டும் உட்காராமல் முதல் பெஞ்சிலேயே பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். அதற்கே குருமூர்த்தி சாருக்கு வியர்த்துவிட்டது.

மேடம் ஒரு நோட்டைப் பிரித்தார். வானம். இன்னொன்றைப் பிரித்தார். வானம். பத்து நோட்டு ஆனதும், பக்கத்திலிருந்த சந்தோஷ்குமாரைப் பார்த்துக் கேட்டார். "நல்ல கேள்வி தம்பி. இது எப்ப உன் மனசுல எழுந்துச்சு?"

சந்தோஷ்குமார் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். "வெள்ளிக்கிழமைங்க மேடம். ஏழாவது பீரியட்."

வகுப்பே சிரித்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. சரியான பதில்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் இருந்தார்கள். மேடம் மட்டும் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்தேழாவது நோட்டோ என்னவோ, தனப்பிரியாவுடையது. சிவப்புக் குறி போட்ட பக்கத்தில் மேடத்தின் கை நின்றது. படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து நின்று வகுப்புக்கே சத்தமாகப் படித்துக் காட்டினார். தனப்பிரியாவுக்குக் காதெல்லாம் சூடானது.

"இதுதாங்க சார் நாங்க எதிர்பாக்கறது. இந்தக் கேள்விக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்று மேடம் திரும்பினார்.

"அது… அடுத்த வாரம் விரிவா எடுக்கறதா இருந்தேங்க மேடம்" என்றார் குருமூர்த்தி சார்.

"ரொம்ப நல்லது. அடுத்த மாசம் திரும்ப வர்றேன். இந்த மாதிரி நிறைய பாக்கணும்" என்று சொல்லி, தனப்பிரியாவின் தோளைத் தட்டிவிட்டு மேடம் போய்விட்டார். பதிலை அவரும் சொல்லவில்லை. எதிர்பார்க்கிற கேள்வி என்று சொல்லிவிட்டால் முடிந்துவிட்டதா? தனப்பிரியா ஓடிப்போய் வராந்தாவில் பிடித்துக் கேட்டிருப்பாள். அதற்குள் தாளாளர் குறுக்கே வந்து இளநீர் கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆனாலும் அந்த இரண்டு நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளிக்கிழமை ஏழாவது பீரியடை வாழ்க்கையில் முதல் முறையாக எதிர்பார்த்துக் காத்திருந்தாள். சார் விரிவாக எடுக்கப் போகிறாரே!

சார் வந்தார். வானத்தை அழித்தார். எழுதினார்.

'எங்கள் வீட்டில் ஒரு கோழிப்பண்ணை உள்ளது. கோடைக்காலத்தில் கோழிகள் தோல் முட்டை இடுகின்றன. இதற்குக் காரணம் என்ன?'

கீழே விடை. 'கால்சியம் குறைபாடே இதற்குக் காரணம் ஆகும். தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பதன் மூலம் இதனைச் சரிசெய்யலாம்.'

வலது பக்கத்துக்கு, 'எனது இலக்கு கால்நடை மருத்துவராகி என் கிராமக் கோழிகளுக்குச் சேவை செய்வது. அதற்காகப் பொதுத்தேர்வில் 490 மதிப்பெண்ணுக்கு மேல் பெறுவேன்.'

"எல்லாரும் எழுதிக்குங்க. நீல மை, கருப்பு மை. மேடம் அடுத்த மாசம் வருவாங்க."

தனப்பிரியா பலகையை இரண்டு தடவை படித்தாள். மேல்தட்டு எங்கே? கீழ்தட்டு எங்கே? மூச்சு எங்கே? வாயைத் திறந்து நின்ற கோழிகளையெல்லாம் அழித்துவிட்டு, சிவக்குமாரின் பதிலை அல்லவா கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்! கிளிஞ்சல் போட்டும் போகவில்லை என்பதால்தானே இந்தக் கேள்வியே வந்தது? அவளைச் சுற்றி நாற்பத்தோரு பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கேள்வியை அவளிடமிருந்து பிடுங்கி, எலும்பை உருவிவிட்டு, நாற்பத்திரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு மையில் அடித்துப் போட்டபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

சந்தோஷ்குமார் கையைத் தூக்கினான். "சார், எங்கூட்ல பண்ணை இல்லீங்க சார். லாரிதானுங்க."

"பரவால்ல, எழுது."

தனப்பிரியா கேள்வியை மட்டும், முன்பு எழுதியதைப் போலவே முழுசாகத் திரும்ப எழுதினாள். விடை இருக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டாள். வலது பக்கத்தையும் விட்டுவிட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சார் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார்.

"ஏன் விட்டு வச்சிருக்கற?"

"தெரியலீங்க சார்" என்று எழுந்து நின்றாள்.

"பலகைல இருக்குதே?"

"அது இல்லைங்கறது மட்டும்தான் சார் எனக்குத் தெரியும். கிளிஞ்சல் போட்டுப் பாத்துட்டமுங்க. எல்லாக் கோழியும் அதே தீவனம்தான் திங்குது. கால்சியம் பத்தலைன்னா கீழ்தட்டுலயும் அதே அளவு வரோணுமில்லீங்களா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. "அடிச்சுப் போட்டீங்க, சரி. இப்பத் தப்பாப் பதில் எழுதி எல்லாரையும் எழுத வெக்கறீங்களே சார். தெரியலைன்னா விட்டுருக்கலாமில்லீங்க?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. பக்கத்துப் பெஞ்சுகளில் பேனாக்கள் நின்றன. சார் பிரம்பு வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் தாளாளர் அறைக்கு அனுப்புவார். அப்பா இன்னொரு முறை வேட்டி கட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

குருமூர்த்தி சார் அவள் நோட்டைக் கையில் எடுத்தார். எழுதியிருந்ததைப் படித்தார். இந்த முறை நிதானமாகப் படித்தார் என்று அவர் கண் போன விதத்திலேயே தெரிந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கினார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"எனக்குத் தெரியாது. போதுமா? ரெண்டு நாளா நாலு புஸ்தகத்தைப் பொரட்டிட்டேன். ஒண்ணுலயும் இல்ல."

நோட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். பலகையில் இருந்ததை அவர் அழிக்கவில்லை. மற்றவர்களை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் அவள் விட்ட இடத்தில் சிவப்பு மையும் படவில்லை.

தனப்பிரியா உட்கார்ந்தாள். கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. இந்த ஒரு வார்த்தையை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? அப்பா அன்று அந்த அறையில் செருப்பில்லாமல் நின்றிருக்க வேண்டாமே. அவள் இன்றைக்கும் ஷெட்டில் எண்ணிக்கொண்டிருப்பாளே. நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருந்தது. இருந்தாலும் நெஞ்சில் ஏதோ ஒன்று இறங்கி, மூச்சு சரியாக வந்தது.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபிநயா முழங்கையால் இடித்தாள். அபிநயாவின் அப்பாவுக்கு டவுனில் லாரி பாடி கட்டுகிற பட்டறை. பஸ் கோழிப்பண்ணையைக் கடந்து போனாலே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொள்கிறவள். மூன்று வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பாடத்தில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. பலகையில் இருந்ததைப் பாதி எழுதிவிட்டு, தனப்பிரியாவின் நோட்டை எட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், மேல்தட்டுக் கோழி எல்லாமே ஒருவேள நோஞ்சான் கோழியா இருந்தா?"

"அதெப்பிடி? எல்லாம் ஒரே பேட்ச்சு."

"ஒரே பேட்ச்சுதான், ஆனா நீ மாத்திப் பாத்தியா?"

"எதைய?"

"மேல இருக்கறதுல கொஞ்சத்தக் கீழ போடு, கீழ இருக்கறதுல கொஞ்சத்த மேல போடு. கீழ வந்தது நல்ல முட்ட போட்டு, மேல போனது தோல் முட்ட போட்டா, கூரைதான். இல்லாட்டிக் கோழிதான். அவ்வளவுதானுடி?"

தனப்பிரியா அவளையே வெறித்துப் பார்த்தாள். எத்தனையோ நாள். தினமும் காலையில் எழுந்து, நாற்றத்துக்குள் நின்று, இருநூற்று நாற்பது கோழிகளின் முட்டையை எண்ணியவள் அவள். மூக்கை மூடிக்கொண்டு பஸ்ஸில் போகிறவளுக்கு இது தோன்றியிருக்கிறது. தனக்கு ஏன் தோன்றவில்லை? வானத்தின்மேல், சிவக்குமாரின்மேல், சாரின்மேல் வந்த எரிச்சலெல்லாம் ஒன்றாகத் திரண்டு இப்போது தன்மேலேயே வந்தது.

"ஏண்டி மொறைக்கற? தப்பா?" என்றாள் அபிநயா.

"இல்ல. சரி. அதான் எரிச்சலா இருக்குது."

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. தனப்பிரியா பேனாவைத் திறந்தாள். கருப்பு மை தீர்ந்திருந்தது. போகட்டும் என்று நீல மையிலேயே, வலது பக்கத்தில், என் இலக்கு என்பதற்குக் கீழே எழுதினாள்.

'பன்னிரண்டு கோழிகளைக் கீழ்தட்டுக்கு இறக்க வேண்டும். பன்னிரண்டை மேலே ஏற்ற வேண்டும். அதற்கு முன் அப்பாவிடம் கேட்க வேண்டும். அவர் திட்டுவார். மறுபடியும் கேட்க வேண்டும்.'